கில்மார்ட்டினில் உள்ள வாள் கற்கள் யாருடையவை? ஆர்கைல் சிற்றாலயங்கள், சிலுவைகள் பற்றிச் சில கேள்விகள்

செங்காந்தள்:

அனைவருக்கும் வணக்கம். ஓராண்டாகக் கிளாஸ்கோவில் வசித்து வருகிறேன். சென்ற மாதம் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஆர்கைல் பகுதியிலுள்ள கில்மார்ட்டின் என்னும் சிற்றூருக்குப் போயிருந்தேன். அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் வரலாற்றுக்கு முந்தைய கற்குவைகளையும் நெடுங்கற்களையும் பார்க்கத்தான் போனேன். ஆனால் ஊர்த் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், ஒரு சிறிய கட்டடத்துக்குள் பாதுகாக்கப்பட்டிருக்கும் பலகைக்கற்களின் முன்னால் நின்றபோது, போன வேலையே மறந்துவிட்டது.

ஒரு கல்லில் நீண்ட வாள் மட்டும் நடுவில் கிடக்க, அதன் இருபுறமும் கொடிக்கருக்கு பின்னிப் பின்னி மேலேறுகிறது. இன்னொன்றில் கூம்பிய தலைக்கவசமும், முழங்கால் வரை தொங்கும் வரிவரியான அங்கியும் அணிந்த ஒருவர் நம்மை நேராகப் பார்த்து நிற்கிறார். சிலவற்றில் வெறும் பின்னல் வேலைப்பாடு மட்டுமே இருக்கிறது. பெரும்பாலானவற்றில் பெயரையும் காணோம், ஆண்டையும் காணோம். என் அருகில் நின்றிருந்த பயணி ஒருவர், இவை சிலுவைப் போர்களில் ஈடுபட்ட டெம்ப்ளர் என்னும் துறவி வீரர் சபையினரின் கல்லறைகள் என்றும், பிரான்சில் அவர்களைக் கைது செய்யத் தொடங்கியபோது கப்பலேறி இங்கே வந்து ஒளிந்துகொண்டார்கள் என்றும், அதனால்தான் பெயர் பொறிக்கவில்லை என்றும் உறுதியாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடியபோது அதே கதையைப் பல பக்கங்களில் கண்டேன். அதை நம்பவும் முடியவில்லை, மறுக்க எனக்குப் படிப்பும் போதவில்லை.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஐலா தீவின் கில்டால்டன் சிலுவை, ஐயோனா தீவின் சிலுவைகள், கில்மோரியில் உள்ள மக்மில்லன் சிலுவை ஆகிய எல்லாவற்றையும் நினைவுப்பொருள் கடைகளில் ‘கெல்டிக் சிலுவை’ என்ற ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரே கால மக்கள் செய்தவையாக எனக்குத் தோன்றவில்லை. இவற்றுக்கும் வாள் கற்களுக்கும் என்ன உறவு? பெயரில்லாத கல்லை எப்படிப் படிப்பது? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். அடுத்த மாதம் நான்கு நாள் விடுமுறை கிடைக்கிறது. மீண்டும் போக வேண்டும்.

ஓலைச்சுவடி:

அன்புள்ள செங்காந்தள் அவர்களுக்கு, உங்கள் கண் உங்களை ஏமாற்றவில்லை. அவை ஒரே காலத்தவை அல்ல. நடுவில் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளி இருக்கிறது. அதற்குப் போவதற்கு முன் டெம்ப்ளர் கதையை முடித்துவிடலாம்.

பிரான்சில் டெம்ப்ளர்கள் கைது செய்யப்பட்டது 1307 அக்டோபர் 13 அன்று. திருத்தந்தை அந்தச் சபையைக் கலைத்தது 1312-இல். ஸ்காட்லாந்தில் அவர்களுடைய தலைமையிடம் மேற்குக் கரையில் இருக்கவில்லை. கிழக்கே, எடின்பரோவுக்குத் தெற்கிலுள்ள பாலன்ட்ரோடாக்கில் இருந்தது. 1309-இல் ஹோலிரூடில் நடந்த விசாரணையில் நிறுத்தப்பட்ட டெம்ப்ளர்கள் இரண்டே பேர், இருவரும் இங்கிலாந்துக்காரர்கள். கப்பல் கப்பலாக வீரர்கள் ஆர்கைலுக்கு வந்தார்கள் என்பதற்கு அக்காலத்து ஆவணம் எதுவும் இல்லை. கற்களோ 14-ஆம் நூற்றாண்டில் தொடங்கி 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, தலைமுறை தலைமுறையாகச் செதுக்கப்பட்டவை. ஓடி ஒளிந்தவர்கள் இருநூறு ஆண்டுகள் ஒளிந்துகொண்டே செத்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்ல முடியாது.

அதைவிட வலுவான சான்று, எழுத்துள்ள கற்கள். கில்மார்ட்டினில் நீங்கள் பார்த்த அதே வாள், அதே கொடிக்கருக்கு, அதே அங்கி அணிந்த உருவம் எல்லாம் ஐயோனா, ஐலா, ஒரன்சே தீவுகளிலும் கின்டயர், நாப்டேல் பகுதிகளிலும் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. அவற்றுள் இலத்தீன் எழுத்து பொறித்த கற்கள் ‘இங்கே கிடக்கிறார்’ என்று தொடங்கி இன்னாருடைய மகன் இன்னார் என்று சொல்கின்றன. அந்தப் பெயர்கள் மக்கின்னன், மக்லீன், மக்மில்லன் போன்ற, கேலிக் (Gaelic) மொழி பேசிய உள்ளூர்க் குடும்பங்களின் பெயர்கள். அந்த மண்ணில் பிறந்து, அதன் கடலில் படகோட்டி, அங்கேயே இறந்தவர்களின் கற்களைத் தூக்கி வெளியூர் மர்ம வீரர்களுக்குக் கொடுத்துவிடுவது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாகவே இருக்கிறது.

இனி, காலத்துக்கு வருகிறேன். அயர்லாந்திலிருந்து வந்த கொலும்பா 563-இல் ஐயோனாவில் மடத்தை நிறுவினார். இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 8-ஆம் நூற்றாண்டில், அந்த மடத்தின் சிற்பிகள் ஓங்கி உயர்ந்த சிலுவைகளைக் கல்லில் செதுக்கத் தொடங்கினார்கள். அவற்றுள் புனித யோவான் சிலுவையை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். அதன் கைகள் இரண்டு மீட்டருக்கும் மேல் விரிந்தவை. தச்சர்கள் மரத்தைக் கோப்பது போலக் கழுந்தும் துளையுமாகப் பல கற்களைக் கோத்துச் செய்திருக்கிறார்கள். மரத்தில் பழகிய கை கல்லில் எதையும் செய்துவிடலாம் என்று நம்பிய காலம் அது. கல்லின் பாரம் வேறு. கைகள் தாங்கவில்லை, பிறகுதான் கைக்கும் தண்டுக்கும் இடையே வளைந்த கற்களைப் பொருத்தி வட்டமாக்கினார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இன்று உலகம் முழுதும் கெல்டிக் சிலுவையின் அடையாளமாகிவிட்ட அந்த வட்டம், விழும் கல்லைத் தாங்க வைத்த முட்டாகவே முதலில் தோன்றியிருக்கலாம் என்ற இந்தக் கருத்தைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தச் சிலுவையின் மேல் தனிப் பற்று. 20-ஆம் நூற்றாண்டில் அதைச் சேர்த்து நிறுத்தியும் புயற்காற்றில் மீண்டும் விழுந்தது. இப்போது துண்டுகளை இணைத்து அருங்காட்சியகத்துக்குள் வைத்திருக்கிறார்கள். மடத்தின் வாசலில் நிற்பது 1970-இல் வைத்த கான்கிரீட் நகல். அருகிலுள்ள புனித மார்ட்டின் சிலுவை மட்டும் நட்ட இடத்திலேயே ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக நிற்கிறது.

கில்டால்டன் சிலுவையும் அந்தக் காலத்தது. ஐயோனாவின் கை அதில் தெளிவாகத் தெரிகிறது. நீலச் சாயல் கொண்ட ஒரே பாறையில் செதுக்கப்பட்டு, இரண்டரை மீட்டருக்கும் மேல் உயர்ந்து, இன்றும் முழுமையாக நிற்கிறது. குழந்தை இயேசுவுடன் மரியாள், ஆபேலைக் கொல்லும் காயின், மகனைப் பலியிடப் போகும் ஆபிரகாம், சிங்கத்தோடு போராடும் தாவீது என்று விவிலியக் காட்சிகள் அதில் இருக்கின்றன. இந்த வகைச் சிலுவைகள் தனி மனிதரின் கல்லறையைக் குறிக்க எழுந்தவை அல்ல. மக்கள் சுற்றி நின்று செபிக்கவும், புனித இடத்தின் எல்லையை அறிவிக்கவும் நிறுத்தப்பட்டவை.

பிறகு, வடக்கே நார்வேப் பக்கமிருந்து கடல்வழி கொள்ளையிட வைக்கிங்குகள் வந்தார்கள். 795-இல் முதல் தாக்குதல். 806-இல் ஐயோனாவில் 68 பேர் கொல்லப்பட்டனர். சிலுவை செதுக்கும் வேலை மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஆனால் வந்தவர்களும் காலப்போக்கில் அதே மண்ணில் கிறிஸ்தவர்களாகிப் புதைக்கப்பட்டார்கள். ஐயோனாவில் வைக்கிங்குகளின் ரூனிக் எழுத்துப் பொறித்த பலகைக்கல் ஒன்று இருக்கிறது. ஓல்விரின் மகன் காலி, தன் சகோதரன் ஃபூகுலின் மேல் இந்தக் கல்லை வைத்தான் என்று அது சொல்கிறது. அவ்வளவுதான் வாசகம். அண்ணனோ தம்பியோ, அந்தப் பிரிவின் வலி அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது.

நீங்கள் பார்த்த வாள் கற்கள் அடுத்த உலகத்தைச் சேர்ந்தவை. 1164-இல் இறந்த சோமர்லெட், அவர் மகன் ரானல்ட் ஆகியோரின் வழிவந்தவர்கள் தீவுகளின் பிரபுக்கள் என்ற பெயரில் மேற்குக் கரையை ஆண்டார்கள். கற்சிற்றாலயங்கள் பல எழுந்தது 12, 13-ஆம் நூற்றாண்டுகளில். ஐயோனாவில் பெனடிக்டின் மடமும் பெண் துறவியர் மடமும் சுமார் 1200-இல் தொடங்கின. அந்த ஆட்சியின் செழிப்பில் 14-ஆம் நூற்றாண்டிலிருந்து சிற்பக்கூடங்கள் வளர்ந்தன. ஐயோனா, லாக் ஆ, கின்டயர், லாக் ஸ்வீன், ஒரன்சே என்று ஐந்து மரபுகளாக ஆய்வாளர்கள் பிரிக்கிறார்கள் (‘லாக்’ என்றால் ஏரி அல்லது கடற்கழி). கில்மார்ட்டின் கற்களில் பெரும்பாலானவை லாக் ஆ மரபைச் சேர்ந்தவை. 1493-இல் ஸ்காட்லாந்து அரசர் அந்தப் பிரபுத்துவத்தைப் பறித்ததும் ஆதரித்த கைகள் குறைந்தன. ஸ்காட்லாந்து கத்தோலிக்கத்தை விட்டுப் புராட்டஸ்டன்ட் நாடான 1560-இன் சமயச் சீர்திருத்தத்தோடு எல்லாம் நின்றுபோயின.

இக்காலத்துச் சிலுவை மெலிந்த தண்டும் வட்டத் தட்டு போன்ற தலையும் கொண்டது. கில்மோரியின் மக்மில்லன் சிலுவை அதற்குத் தலைசிறந்த சான்று. ஒரு பக்கம் சிலுவையில் தொங்கும் இயேசு, இருபுறமும் மரியாளும் யோவானும். மறுபக்கம் நாய்களோடு மான் வேட்டை. ‘இது அலெக்சாண்டர் மக்மில்லனின் சிலுவை’ என்று இலத்தீனில் பொறித்திருக்கிறது. கில்டால்டன் சிலுவை ஊருக்கெல்லாம் பொதுவானது. மக்மில்லன் சிலுவை ஒரு பிரபுவின் பெயரைத் தாங்கி நிற்பது. ஐந்நூறு ஆண்டுகளில் சமூகம் எப்படி மாறியது என்பது எனக்கு விளங்கியது இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான்.

கடலோடி:

ஓலைச்சுவடி ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. கப்பலைப் பற்றி ஒரு சொல் சேர்க்கிறேன். கப்பலில் வேலை பார்த்தவன் என்பதால் என் கண் அங்கேதான் போகிறது.

இந்தக் கற்களில் பலவற்றில் ஒற்றைப் பாய்மரக் கப்பல் ஒன்று செதுக்கப்பட்டிருக்கும். அதைப் பிர்லின் என்பார்கள். முன்னும் பின்னும் ஒரேபோல் உயர்ந்து வளைந்திருக்கும் உடலைப் பார்த்தால் வைக்கிங் கப்பலின் வாரிசு என்று புரியும். ஆனால் வைக்கிங் கப்பலில் சுக்கான் வலப்பக்கத்தில் துடுப்பாகத் தொங்கும். இந்தக் கற்களிலோ அது பின்முனையில் கீல் வைத்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. கல் செதுக்கியவர் பழைய சித்திரத்தைப் பார்த்துப் படி எடுக்கவில்லை, தன் துறையில் நின்ற கப்பலைப் பார்த்துத்தான் செதுக்கினார் என்பதற்கு அந்தச் சுக்கான் ஒன்றே போதும். இத்தகைய கப்பல்களின் உடல் எதுவும் முழுதாகக் கிடைக்காததால், அவற்றின் அமைப்பை அறிய இந்தக் கற்களே முதன்மைச் சான்று. ஹாரிஸ் தீவின் ரோடல் ஊரில், புனித கிளமென்ட் தேவாலயத்தில் உள்ள அலஸ்டர் குரோட்டக் மக்லியோட் என்ற குலத்தலைவரின் கல்லறையில் அந்தக் கப்பல் மிக நுட்பமாக இருக்கிறது. 1528-இல், தாம் உயிரோடிருக்கும்போதே அவர் செய்வித்த கல்லறை அது.

தேய்ந்த எழுத்தைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். நம் ஊரில் வரலாற்று ஆர்வலர்கள் கல்வெட்டின் மேல் மாவையோ சுண்ணக்கட்டியையோ தேய்த்து, மேலே துடைத்துவிட்டால் பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து பளிச்சென்று தெரியும். மெல்லிய தாளும் மையும் கொண்டு போனால் மைப்படியும் எடுத்துவிடலாம். செங்காந்தள் அவர்கள் முயன்று பார்க்கலாமே.

குறிஞ்சிமலர்:

கடலோடி அண்ணா, கப்பலைப் பற்றி நீங்கள் எழுதியது அருமை. ஆனால் மாவும் சுண்ணக்கட்டியும் வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். கல் பாதுகாப்புப் பணியில் பல ஆண்டுகள் இருப்பவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

இந்தப் பலகைக்கற்களில் மிகுதியானவை குளோரைட் சிஸ்ட் என்னும் பச்சை கலந்த சாம்பல் நிறப் பாறை. லாக் ஸ்வீன் கரையில் டோய்டு என்ற இடத்தில் அதை வெட்டி எடுத்தார்கள். அங்கிருந்து படகேற்றித் தீவுகளுக்கும் கொண்டுபோனார்கள். நுண்மையான கொடிக்கருக்கை இவ்வளவு கூர்மையாகச் செதுக்க முடிந்ததற்குக் காரணம் அந்தக் கல்லின் மென்மை. அந்த மென்மையே இன்று அதற்குப் பகை. அறுநூறு ஆண்டு மழையும் பனியும் பட்டு மேல்தோல் ஏடு ஏடாகப் பிரிந்து நிற்கும் கல்லின் மேல் எதைத் தேய்த்தாலும், தேய்ப்பவர் கையோடு அந்த ஏட்டின் துகளும் வரும். மாவு ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சைக்கு உணவாகும். சுண்ணக்கட்டி நுண்துளைக்குள் போனால் வெளியே எடுக்க வழியில்லை. கற்பாசியைச் சுரண்டுவது இன்னும் கொடிது, ஏனென்றால் பாசியின் வேரிழைகள் கல்லின் துகள்களைப் பற்றியிருப்பதால் சுரண்டினால் சிற்பத்தின் மேற்பரப்பே பெயர்ந்து வரும். ஒருமுறை ஒரு சிற்றாலயத்தில், கம்பித் தூரிகையால் யாரோ ‘சுத்தம்’ செய்த கல்லைப் பார்த்தேன். நடுவில் ஒரு மனித முகம் இருந்த இடம் வழவழப்பாக இருந்தது. அதை எந்த ஆய்வகத்திலும் திரும்பக் கொண்டுவர முடியாது. சட்டப்படியும் இந்த இடங்களில் பல பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள், சேதப்படுத்துவது குற்றம்.

இதற்கெல்லாம் மாற்று மிக எளிது, செலவும் இல்லை. கைவிளக்கு ஒன்று போதும். விளக்கைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல், கல்லின் பரப்பையே ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். மேடுகளின் நிழல் பள்ளத்தில் விழுந்து, பகலில் கண்ணுக்கே தெரியாத வாளும் எழுத்தும் எழுந்து வரும். விளக்கைக் கல்லைச் சுற்றி மெதுவாக நகர்த்தி, ஒவ்வொரு திசையிலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு திசையில் மறையும் கோடு அடுத்த திசையில் தெரியும். காலையிலும் மாலையிலும் தாழ்ந்த வெயில் இதே வேலையைத் தானே செய்யும். ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அறுபது எழுபது படங்கள் எடுத்தால் கணினியில் முப்பரிமாண உருவமும் செய்துகொள்ளலாம்.

படிப்பதைப் பற்றி இரண்டு குறிப்புகள். முதலாவது, இந்தக் கற்கள் நிற்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கல்லறையின் மேல் படுத்துக் கிடக்கச் செய்யப்பட்டவை. இன்று சுவரில் சாத்தியிருப்பதால் வாள் தொங்குவதாகத் தோன்றுகிறது. மனத்துக்குள் கல்லைக் கிடத்திப் பாருங்கள். புதைக்கப்பட்டவரின் உடல் மேல் அவர் வாள் வைக்கப்பட்டிருப்பது புரியும். இரண்டாவது, பின்னாளில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பல கற்களை வேறு குடும்பங்கள் எடுத்துத் தங்கள் கல்லறைக்குப் பயன்படுத்தின. ஆகவே அழகான பழைய கொடிக்கருக்கின் குறுக்கே முரட்டுத்தனமாக இரண்டு எழுத்தும் ஓர் ஆண்டும் வெட்டியிருந்தால், அந்த ஆண்டைக் கல்லின் வயதாகக் கொள்ள வேண்டாம்.

செங்காந்தள்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு என் கைபேசியில் இருந்த படங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். குறிஞ்சிமலர் அக்கா சொன்னது போல் ஒரு படத்தைக் கிடைமட்டமாகத் திருப்பியபோது, அதுவரை அலங்காரமாகத் தெரிந்த கல் ஒரு மனிதரின் கல்லாகிவிட்டது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஒரு கல்லில் வாளுக்குப் பதிலாகக் கத்தரி ஒன்று இருக்கிறது. அது தையற்காரரின் கல்லா? பெண்களுக்கும் இத்தகைய கற்கள் இருந்தனவா? நான்கு நாளில் எந்த இடங்களைப் பார்ப்பது பயனுள்ளது என்றும் சொல்லுங்கள். சொந்தமாகக் கார் இருக்கிறது.

ஓலைச்சுவடி:

பெண்களுக்கும் உண்டு. கத்தரி, சீப்பு, கண்ணாடி, சிறு பேழை ஆகியவை வந்தால் அது பெரும்பாலும் பெண்ணின் கல் என்றே கொள்கிறார்கள். கத்தரி துணி வேலையையும் குறிக்கலாம் என்பதால் அதை மட்டும் தனியாக வைத்து முடிவு செய்யக் கூடாது. உடன் என்ன இருக்கிறது என்று பாருங்கள். திருப்பலிக் கிண்ணம் இருந்தால் குருவானவர். பெயரோடு கிடைக்கும் பெண்ணின் கல் வேண்டுமென்றால் ஐயோனாவில் தலைமைத் துறவி அன்னா மக்லீனின் கல் இருக்கிறது. 1543-இல் இறந்தவர். துறவு உடையில் கிடக்கும் அவர் தலையணையைத் தேவதூதர்கள் தாங்க, பாவாடையின் இருபுறமும் கழுத்தில் மணி கட்டிய செல்ல நாய்க்குட்டிகள் இரண்டு நிற்கின்றன. கல்லின் கீழ்ப்பாதி உடைந்து அழிந்துவிட்டது. துறவியின் கல்லறையில் நாய்க்குட்டிகளுக்கு இடம் கொடுத்த அந்த மனிதர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

செதுக்கியவர்களின் பெயரும் அரிதாகக் கிடைக்கிறது. ஐயோனா மடத் தூணின் தலைப்பில் ‘டோனல்டு ஓ புரோல்கன் இந்த வேலையைச் செய்தார்’ என்று 15-ஆம் நூற்றாண்டுப் பொறிப்பு இருக்கிறது. அவர் அயர்லாந்துச் சிற்பிக் குடும்பத்தவர். கடலின் இரு கரையும் அன்று ஒரே மொழி, ஒரே தொழில் உலகம்.

வழி சொல்கிறேன். கிளாஸ்கோவிலிருந்து லோமண்ட் ஏரியை ஒட்டிப் போனால் முதலில் இன்வரரே வரும். அங்கே நீர்க்கரையில் நிற்கும் 15-ஆம் நூற்றாண்டுச் சிலுவை தாத்தா, மகன், பேரன் என மூன்று தலைமுறைப் பெயர்களையும் தாங்கியது. பேரன்தான் அதைச் செய்வித்தவர். பத்து நிமிடம் போதும். கில்மார்ட்டினில் இம்முறை கைவிளக்கோடு அரை நாள் செலவிடுங்கள். இந்த ஊர்ப் பெயர்களின் முன்னால் வரும் ‘கில்’ என்பது தேவாலயத்தைக் குறிக்கும் கேலிக் சொல்லிலிருந்து வந்தது. கில்மோரி என்றால் மரியாளின் ஆலயம். ஆகவே நில வரைபடத்தில் ‘கில்’ என்று தொடங்கும் ஒவ்வோர் ஊரும் உங்களுக்கு ஒரு குறிப்பு.

இரண்டாம் நாளை லாக் ஸ்வீன் நீர்க்கரைக்கே கொடுங்கள். மேற்குக் கரையில், டேவாலிக் ஊரைத் தாண்டிச் சாலை முடியும் முனையில், கீல்ஸ் சிற்றாலயம். கிழக்குக் கரையில் ஸ்வீன் கோட்டையைத் தாண்டிக் கில்மோரி நாப் சிற்றாலயம். நீருக்குக் குறுக்கே பார்த்தால் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும். சாலையில் போகவோ நீர்க்கரையின் தலைமுனை வரை வந்து மீண்டும் இறங்க வேண்டும். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய வழி என்பதால் எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம் பார்த்து நில்லுங்கள். நேரம் போதாவிட்டால் ஒன்றை விட்டுவிடுவது நல்லது. அவசரமாக இரண்டையும் பார்ப்பதில் பொருளில்லை. படகே சாலையாக இருந்த காலத்தில் இவை ஒன்றுக்கொன்று அண்டை வீடுகள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். கூரை போட்டு மூடியிருப்பதால் மழை நாளிலும் இரண்டிலும் கற்களைப் பார்க்கலாம்.

மூன்றாம், நான்காம் நாட்களுக்கு ஐயோனா. ஓபனிலிருந்து கப்பலில் மல் தீவின் கிரெய்க்னூர் போய், தீவைக் கடந்து ஃபியன்ஃபோர்ட் சேர்ந்து, காரை அங்கேயே விட்டுவிட்டு மறு கப்பல் ஏற வேண்டும். ஐயோனாவுக்குள் பயணிகளின் கார்களுக்கு அனுமதி இல்லை. ஒரு இரவு தங்குங்கள். பகல் கப்பல்கள் போன பிறகு தீவு அமைதியாகிவிடும். அப்போது 12-ஆம் நூற்றாண்டுப் புனித ஓரன் சிற்றாலயத்துக்குள் போய் அமருங்கள். அதைச் சுற்றியிருக்கும் கல்லறைத் தோட்டத்தில் ஸ்காட்லாந்து அரசர்கள் 48 பேர் கிடக்கிறார்கள் என்று 1549-இல் டொனால்டு மன்ரோ என்ற திருச்சபை அதிகாரி எழுதினார். அந்த எண்ணிக்கையை இன்று அப்படியே ஏற்பவர்கள் குறைவு. என்றாலும் அந்த மண்ணில் கிடக்க வேண்டும் என்று பெரியவர்கள் விரும்பினார்கள் என்பதில் ஐயமில்லை. கில்டால்டனுக்கு ஐலா தீவு போக வேண்டும், கெனகிரெய்க் துறையிலிருந்து தனிக் கப்பல். அதை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோடி:

குறிஞ்சிமலர் தங்கை சொன்னதை ஏற்றுக்கொண்டேன். மாவு தடவும் பழக்கத்தைப் பற்றி எங்கள் ஊர் ஆர்வலர் குழுவிலும் இன்றே எழுதிவிட்டேன். பக்கவாட்டு வெளிச்சம் நம் கருங்கல் கல்வெட்டுகளுக்கும் பயன்படுமே.

ஓலைச்சுவடி ஐயா கீல்ஸ் பற்றி எழுதியபோது ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அங்கே பலகைக்கல் ஒன்றில் யாழ் போன்ற நரம்பிசைக் கருவி செதுக்கப்பட்டிருக்கிறது. கிளார்சக் என்பது அதன் பெயர்.

ஓலைச்சுவடி:

உண்மை, அதை விட்டது என் பிழைதான். எடின்பரோவில் ஸ்காட்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தில் அரசி மேரி யாழ் என்று அழைக்கப்படும் பழைய கிளார்சக் ஒன்று இருக்கிறது. அதன் மரத்தில் வெட்டியிருக்கும் கொடிக்கருக்கும் விலங்குகளும் இந்தக் கற்களில் இருக்கும் வேலைப்பாட்டை ஒத்தவை. செங்காந்தள் அவர்களே, கீல்ஸ் போய் வந்தபின் ஒரு நாள் எடின்பரோ சென்று, கல்லில் எடுத்த படத்தை அந்த யாழின் அருகில் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். கீல்ஸ் கல்லில் கிடப்பவரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர் கையில் இருந்த கருவி எப்படி இருந்திருக்கும் என்பது அங்கே தெரியும்.

செங்காந்தள்:

கைவிளக்கு வாங்கிவிட்டேன். கீல்ஸுக்கு முதலில் போகிறேன். படங்களை இங்கேயே பதிவிடுகிறேன்.